இடது கால் சாக்ஸ்

மைக்ரோவேவ் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சாக்ஸ்தான் இருந்தது. கிளைவ் ஹாடோ வைத்ததோ இரண்டு.

இன்னொன்று எங்கே என்று குனிந்து பார்த்தார். அது உருகி, பெட்டியின் உள்கூரையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. சற்று முன்னால் 'டப்' என்று கேட்டது அதுதான். விளக்கும் செத்துவிட்டது. அறை முழுக்கக் கருகிய ரப்பர் வாடை.

விடியற்காலையிலிருந்து தூறல். 'லான் பௌல்ஸ்' என்னும் பந்துருட்டு ஆட்டக் கிளப்பின் புல்தரையில் நாலு பந்து உருட்டிப் பார்த்ததிலேயே சாக்ஸ் சொதசொதவென்று ஆகிவிட்டது. ஆட்டத்துக்கு உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுத்த வேண்டும் என்பதில் தலைவி ஊனா பிரானிகன் கறார். மாற்று சாக்ஸ் இல்லை. உடை மாற்றும் அறையின் மூலையில் இந்தப் பழைய பெட்டி இருந்தது. மனிதனுக்குப் புத்தி கெட்டுப் போக வேறென்ன வேண்டும்?

வேறு யாராவது செய்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கிளைவ் மெல்பர்னில் முப்பது வருஷம் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அடுப்புக்குப் பக்கத்தில் ஈரத்துணி தொங்கியதற்காக ஓட்டலை இழுத்து மூடியவர். மனைவி இறந்த பிறகு டாஸ்மேனியாவின் இந்தச் சின்ன ஊருக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்தார். பேச்சுத்துணை என்று இருந்தது இந்த ஒரு கிளப்தான். அதிலும் இன்னும் தற்காலிக உறுப்பினர். அடுத்த சனிக்கிழமை அவரை நிரந்தரமாகச் சேர்ப்பதா வேண்டாமா என்று எல்லாரும் கை தூக்கப் போகிறார்கள்.

"என்ன கண்ணு, ஏதோ கருகுது?"

சமையலறையை ஆளும் மேவிஸ் வாசலில் நின்றாள். கிளைவ் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மேவிஸ். சாசேஜ் ரோல் கொஞ்சம் தீஞ்சு போச்சு. பெட்டியும் நின்னு போச்சு."

"சாசேஜ் ரோலா? இதுலயா?"

"இதுலதான். ஏன்?"

மேவிஸ் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்குத்தான் முதல் தடவையா?"

சந்தேகப்படுகிறாள் என்று கிளைவுக்குத் தோன்றியது. "சேச்சே, ஆட்டம் இருக்கிற நாளெல்லாம். வீட்டுலேர்ந்து கொண்டுவந்து சீக்கிரமே சாப்பிட்டுடுவேன்."

அது பொய்யில்லை. அவர் வந்த புதிதில் மேவிஸின் ஃப்ரிட்ஜுக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டியிருந்தார். அதற்கப்புறம் அவள் சாண்ட்விச்சைக் கேட்டு வாங்க அவருக்கு முகமில்லை.

"ஆட்டம் இருக்கிற நாளெல்லாம்," என்று முணுமுணுத்தபடி மேவிஸ் எழுந்து போனாள். பாவம், தன் சாண்ட்விச்சை ஒதுக்கியது அவளுக்குச் சுட்டுவிட்டது என்று கிளைவ் நினைத்தார்.

மிச்சமிருந்த சாக்ஸை மாட்டிக்கொண்டு ஆடப் போனார்.

"கிளைவ், உங்க இடது காலு வெறுங்காலா இருக்கு," என்றாள் ஊனா.

"காலுக்குக் காத்தோட்டம் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"ஒரு காலுக்கு மட்டுமா?"

"அடுத்த மாசம் வலது கால்."

அன்றைக்கு அவர் உருட்டிய பந்து ஒன்றுகூட இலக்குப் பக்கம் போகவில்லை.

தேநீர் வேளையில் பேச்சு அந்தப் பெட்டியில்தான் வந்து நின்றது. அதற்குள் மேவிஸ் ஊருக்கே சொல்லிவிட்டாள் என்பது முகங்களில் தெரிந்தது.

"பெட்டிய டூகல்கிட்ட குடுத்தா போச்சு," என்றார் கிழவர் ஆல்ஃப். டூகல் புல்தரையைப் பராமரிப்பவன். புல்வெட்டியிலிருந்து கடிகாரம் வரை அவன்தான் ரிப்பேர் பார்ப்பான். "ஒரு ஸ்க்ரூவ கழட்டி உள்ள என்னன்னு பாத்துடுவான்."

"பாக்கவே கூடாது!" கிளைவ் போட்ட சத்தத்தில் அவர் கோப்பைத் தேநீர் சாஸரில் கொட்டியது. "நிறுத்தினாலும் உள்ள கரண்ட் இருக்கும். ஆள் போயிடும். நான் புதுசே வாங்கித் தர்றேன்."

"அதுக்குப் போய்ப் புதுசா?" என்றாள் ஊனா.

"நல்லதாவே வாங்கறேன். கிரில் வெச்சது."

"கிரில்லா?" ஆல்ஃபுக்குப் புரையேறியது. "அந்த வேலைக்கு கிரில் எதுக்குப்பா?"

"சாப்பாட்டு விஷயத்துல விட்டுக்கொடுக்க முடியாது, ஆல்ஃப். சுத்தம்னா சுத்தம். முப்பது வருஷம் அந்த வேலை பாத்தவன் நான்."

எல்லாரும் தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஆல்ஃப் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். ஊனா தாழ்ந்த குரலில், "நம்ம பேரிலயும் தப்பு இருக்கு, மேவிஸ். வந்த அன்னிக்கே இவர்கிட்ட பேசியிருக்கணும்," என்றது கிளைவ் காதிலும் விழுந்தது. எதைப் பேசியிருக்க வேண்டும்? கேட்கத் தைரியமில்லை.

இனி அந்தப் பெட்டி ஊரிலேயே இருக்கக் கூடாது. எல்லாரும் போன பிறகு அதைக் காரில் ஏற்றினார். கதவு தற்செயலாகக்கூடத் திறந்துவிடாதபடி ஒரு முழு டேப் உருளையையும் சுற்றினார். மறுநாள் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய் இறக்கினால், பழைய சாமான் பிரிவில் கையுறையோடு நின்றவர் ஆல்ஃப்.

"நீங்க இங்கயா?"

"வாரத்துல ரெண்டு நாள் தொண்டு வேலை. என்னப்பா இது, சவத்தைச் சுத்தின மாதிரி சுத்தியிருக்கே?"

"ஆபத்துன்னு சொன்னேனே. நசுக்கற எந்திரத்துல போட்டுடுங்க."

"நல்ல பெட்டிய நசுக்கறதா? குடு இப்படி. சாயங்காலம் டூகல் வீட்டு வழியாத்தான் போறேன்."

கிளைவ் பெட்டியை விடவில்லை. ஆல்ஃபும் விடவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் கிளைவின் பிடி நழுவியது.

அந்த வாரம் முழுக்க எல்லாரும் அவரிடம் வழக்கத்துக்கு மீறிப் பிரியமாக இருந்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"வயிறு எப்படி இருக்கு கண்ணு?" என்றாள் மேவிஸ், கடைத்தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு.

"வயித்துக்கென்ன?"

"ஒண்ணுமில்லையே? இனிமே என் கையாலதான் சாப்பிடணும் நீங்க. ஒண்ணும் பேசக் கூடாது." வீட்டுக்கே சூப் கொடுத்தனுப்பினாள். ஊனா தொலைபேசியில் தூக்கம் வருகிறதா, அரிப்பு ஏதும் உண்டா என்று கேட்டாள். தனிக்கட்டை என்று இரக்கப்படுகிறார்கள். நானோ இவர்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறேன் என்று கிளைவ் கூனிக் குறுகிப் போனார்.

சனிக்கிழமை வந்தது. புதுப் பெட்டியை உடை மாற்றும் அறையில் மேசைமேல் வைத்தார். பளபளவென்று, கிரில்லோடு. எல்லாரும் சுற்றி நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை.

"இத சமையலறையில வெச்சிடலாமே," என்றாள் ஊனா.

"பழசு இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

"வேண்டாம்பா. சொன்னா கேளுங்க."

அப்போது டூகல் தோளில் பழைய பெட்டியோடு உள்ளே வந்தான். மூலையில் இறக்கினான். சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. கதவைத் திறந்து காட்டினான். உள்கூரை சுரண்டித் துடைத்திருந்தது. கிளைவைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

கிளைவ் ஓரடி பின்வாங்கினார். பார்த்துவிட்டான். இவன் வாயால் வெளிவருவதைவிட...

"அதெல்லாம் கிடக்கட்டும்," என்றாள் ஊனா. "கிளைவ சேர்த்துக்க சம்மதிக்கறவங்க கைய தூக்குங்க."

எல்லாக் கையும் உயர்ந்தது. ஆல்ஃப் இரண்டு கையையும் தூக்கினார்.

"இறக்குங்க!" என்று கத்தினார் கிளைவ். "இறக்குங்க தயவுசெய்து. எனக்கு அந்த யோக்கியதை இல்ல. அன்னிக்கு நான் அதுல வெச்சது சாசேஜ் ரோல் இல்ல. சாக்ஸ். என் ஈர சாக்ஸ். நாலு பேர் சாப்பாடு சூடு பண்ற பெட்டியில சாக்ஸ வெச்சுக் கருக்கிட்டு, உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். ஊரையே சுத்தத்துக்காக மிரட்டினவன்... வெட்கமா இருக்கு."

அவர் தலையைத் தொங்கப்போட்டார். சிரிப்போ திட்டோ வரும் என்று காத்திருந்தவருக்கு, மேவிஸ் பெருமூச்சு விட்டதுதான் கேட்டது. ஓடிவந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"அப்போ சாசேஜ் ரோல் சும்மா சொன்னதா? ஒரு நாள்கூட இதுல வெச்சுச் சாப்பிடலையா? அப்பாடா, சொல்லுங்க கண்ணு!"

இனி ஒரு பொய்கூடக் கூடாது என்று கிளைவ் நிமிர்ந்தார்.

"இல்ல மேவிஸ். உண்மையச் சொல்லிடறேன். இந்த சீசன் பூராவும் இதுல சாசேஜ் ரோல்தான். அன்னிக்கு ஒரே ஒரு நாள்தான் சாக்ஸ்."

மேவிஸ் பிடித்த கையை மெல்ல விட்டாள். ஊனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆல்ஃப் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டூகல் தன் ஈர சாக்ஸை உருவிப் பழைய பெட்டிக்குள் பதமாக விரித்து வைத்தபடி சொன்னான்:

"இன்ஸ்பெக்டராச்சேன்னு பயந்து உங்ககிட்ட மறைச்சிட்டோம் கிளைவ்... பதினோரு வருஷமா நாங்க இதுல சாக்ஸ் மட்டும்தான் வெக்கறோம்."