பம்ப் அங்கிளும் பன்னிரண்டு பெட்டிகளும்

அமெரிக்காவில் எனக்கு வந்த பயங்களில் பாதிக்கு என் விசா காரணம். மீதிப் பாதிக்கு பம்ப் அங்கிள் காரணம்.

தொண்ணூற்றெட்டில் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் அவரும் ஆன்ட்டியும் என் எதிர் வீட்டுக்காரர்கள். அங்கிளுக்கு ஊர் கோயம்புத்தூர், குடும்பத்துக்கு அங்கே மோட்டர் பட்டறை. மருந்து கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறானால் சமையலறையில் பியர் காய்ச்சுவார். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சினால் இங்கே குற்றமில்லை என்று அவர் சொல்லியும் நான் நம்பவில்லை. காய்ச்சுகிறவர்களைப் போலீஸ் துரத்தித்தான் எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் கொதிக்கும் பார்லித் தண்ணீரை அடுத்த பாத்திரத்துக்கு மாற்றும்போது காலில் கொட்டிக்கொண்டார்.

"பானையைத் தூக்கிக் கவுக்கறதுக்கா நான் கோயமுத்தூர்ல பொறந்தேன்? ஒரு மோட்டர் வேண்டாமா, கண்ணு?"

சூடு தாங்கும் சின்ன பம்ப் ஒன்றை எங்கோ கண்டுபிடித்தார். ஆனால் பன்னிரண்டாக வாங்கினால்தான் மொத்த விலை. அவருடைய பியர் சிநேகிதர்கள் நாலே பேர். மிச்ச ஆட்களை இந்தியன் கடையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று பிடித்தார்.

"சார், நான் குடிக்கிறதே இல்லையே" என்றார் ஒருவர்.

"குடிக்காதவன் பம்ப் வெச்சுக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? ரசத்தை ஏத்துங்க!"

அவரும் ஒன்றுக்குப் பணம் கொடுத்தார்.

என்னை அவர் வாங்கச் சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தார். பெட்டிகள் பகலில்தான் வரும், யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அப்போது நான் 'பெஞ்ச்'சில் இருந்தேன். அதாவது, கூட்டிவந்த கம்பெனி அடுத்த ப்ராஜெக்ட் தேடும்வரை வீட்டில் காத்திருப்பது.

"நீ சும்மாதான உக்காந்திருக்கே? உம் பேருக்கே அனுப்பச் சொல்லிட்டேன். ஒரே ஒரு கையெழுத்து, அம்மிணி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விமானம் ஏறிய முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் அத்தனை பெருமையும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஒரு விசாவில் தொங்கிக்கொண்டிருந்தது. விசாவில் வந்தவள் தனியாக வியாபாரம் பண்ணுவதாக யாராவது புகார் கொடுத்தால் போதும், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பெஞ்சில் இருந்த எல்லோரும் சொல்வார்கள். இப்போது என் பெயர் போட்டு, என் வரவேற்பறையில் பன்னிரண்டு பம்ப். வெளியிலிருந்து தெரியக் கூடாதென்று போர்வை போர்த்தினேன். பிணத்தை மறைத்து வைத்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கப்புறம் கதவை யார் தட்டினாலும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை அங்கிள் வேட்டியும் விபூதியுமாக வந்தார். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நிம்மதியானேன். அவரோ பம்ப்புகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் இட ஆரம்பித்தார்.

"பூசை போடாம எங்க ஊர்ல ஒரு மோட்டரை ஓட்டுவாங்களா?"

"அங்கிள், ப்ளீஸ், உங்க வீட்ல வெச்சு பண்ணுங்களேன்!"

"பொருள் வந்து எறங்குன எடத்துலதான் பண்ணோணும்."

மோட்டருக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு கட்டிக் கற்பூரத்தை ஒரே தட்டில் கொளுத்தினார்.

கட்டடம் முழுவதும் அலாரம் அலறியது. கைக்குழந்தைகளோடும் கரண்டிகளோடும் எல்லோரும் பார்க்கிங்குக்கு ஓடினார்கள். சிவப்பு வண்டி ஊளையிட்டபடி வந்தது. தலைக்கவசத்தோடு தீயணைப்பு வீரர் ஒருவர் உள்ளே நுழைந்தார், பின்னாலேயே அபார்ட்மென்ட் மேனேஜர் அம்மாள். புகைக்கு நடுவே நெற்றியில் ரத்தம் வடிவது போல் பன்னிரண்டு யந்திரங்கள் உட்கார்ந்திருந்தன.

"இங்கே வியாபாரம் நடக்கிறதா? இதெல்லாம் யாருடையது?" என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குக் கற்றுக்கொண்ட ஆங்கிலம் முழுவதும் மறந்துபோயிற்று. ஊரில் அம்மா யாரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பாள் என்பது மட்டும் ஓடியது.

அங்கிள் வேட்டியை இறக்கிவிட்டு முன்னால் வந்தார். "எல்லாம் என்னுடையது. நெருப்பு வைத்ததும் நான்தான். இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள்" என்று தன் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

மேனேஜர் எழுதிக்கொண்டிருக்கும்போது, தீயணைப்பு வீரர் ஒரு பம்ப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கொதிக்கிற தண்ணீரைத் தாங்குமா என்று கேட்டார். அவ்வளவுதான். தான் குற்றவாளி என்பதே அங்கிளுக்கு மறந்துவிட்டது. பம்ப்பின் வயிறு, கழுத்து, மூச்சு எல்லாவற்றையும் விளக்கி முடித்து, "உங்கள் வண்டியில் என்ன பம்ப்? பார்க்கலாமா?" என்று அவருடனேயே படியிறங்கிப் போனார். பார்க்கிங்கில் நடுங்கி நின்ற ஜனங்கள், வேட்டி கட்டிய ஒருவர் தீயணைப்பு வண்டியின் அடியில் தலையை விட்டுக்கொண்டு, "ஓ, பியூட்டிஃபுல்!" என்று கூவுவதைப் பார்த்தார்கள்.

மேனேஜர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டாள். அந்த எச்சரிக்கை அவர் பெயரில்தான் பதிவானது.

வண்டி போனபின் கேட்டேன். "உங்க கிரீன் கார்டு கடைசி கட்டத்துல இருக்குன்னு ஆன்ட்டி சொன்னாங்களே, அங்கிள். எதுக்கு உங்க பேரைக் குடுத்தீங்க?"

"திருப்பி அனுப்புனா நான் போயி மோட்டர் பட்டறைல உக்காந்துக்குவேன். நீ போயி என்ன பண்ணுவே? பேசாம அந்தப் பெட்டியப் புடி."

பிடித்துக்கொண்டேன். அவர் டேப் ஒட்டினார். மூன்று முறை பிய்த்து ஒட்டியும் டேப் கோணல்மாணலாக ஓடியது. நான் கவனிக்காத மாதிரி அடுத்த பெட்டியை நகர்த்திக் கொடுத்தேன்.