ரெண்டேமுக்கால் வரைக்கும்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, மருமகள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மகனும் பேத்தியும் நலம். மற்ற இரண்டு பேரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மூன்று வாரம் தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். முதலில் எழுதி வைத்த பதிலை அந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன் தின்றுவிட்டான். போனில் சொல்லலாம் என்றால், பாதியில் உங்கள் மகன் பிடுங்கி, "ஒண்ணுமில்லப்பா, அவ சும்மா பயப்படுறா" என்று வைத்துவிடுவார்.

நடந்தது இதுதான் மாமா. பேத்திக்கு ஒரு பூனைக்குட்டி எடுத்து வருகிறேன் என்று போன மாதம் பிராணிகள் காப்பகத்துக்குப் போனவர், ஒரு சின்ன லாரியில் திரும்பி வந்தார். உள்ளே இரண்டு மட்டக்குதிரைக் குட்டிகள். ஒரு வயசுதான் இருக்கும், என் இடுப்பு உயரம். "பிரிச்சா ரெண்டும் சாப்பிடாதாம், பாவம்" என்றார். பூனை எங்கே என்றேன். "பூனையை யாராவது எடுத்துக்குவாங்க" என்றார். இப்போது கார் தெருவில் நிற்கிறது, கார் ஷெட்டில் இவர்கள் நிற்கிறார்கள், வாஷிங் மெஷினைத் திறந்தால் வைக்கோல், தலை வாரினால் வைக்கோல். உங்கள் பேத்தி பெரிய தம்பி, சின்னத் தம்பி என்று பேர் வைத்து, பள்ளிக்கூடத்தில், "எங்க வீட்டுக்கு ரெண்டு தம்பி வந்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் போன் செய்து வாழ்த்தினார். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள், "தம்பிங்க கார் ஷெட்டுலதான் தூங்குறாங்க, கயித்துல கட்டிப்போட்டுருக்கு" என்றிருக்கிறாள். டீச்சர் மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை வாழ்த்தவில்லை.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் சாணி நாற்றம் என்று சண்டைக்கு வந்தார். வந்தவர் பெரிய தம்பியின் வாயைத் திறந்து பார்த்து, "அடடா, என்ன வரிசை! என்ன வரிசை!" என்று அரை மணி நேரம் நின்றார். இப்போது காலையும் மாலையும் வருகிறார். கேட்க நாதியில்லாமல் போய்விட்டேன் மாமா.

இதற்கு மேல் இவர்களைப் பழக்குகிற வேலை வேறு. முப்பது நாளில் இரண்டும் சொன்ன சொல்லுக்கு நிற்க வேண்டும், நடக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பது காப்பகத்தின் விதி. குதிரை பழக்குகிறவர் ஒருவரை அனுப்பினார்கள். அதிகம் பேசாதவர். "ஒரே வார்த்தை. ஒரே தடவை" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் வீட்டில் எதை ஒரே தடவை சொல்லியிருக்கிறோம்? உங்கள் மகன், "நட, நடப்பா, நடடா ராஜா, டேய் உன்னைத்தான்" என்று காலை முழுக்கக் கெஞ்சுவார். அவை சுவரைப் பார்க்கும்.

இன்று காலை காப்பகத்து அம்மா சோதனைக்கு வந்தார். உங்கள் மகன் "நட" என்றார். அசையவில்லை. பழக்குகிறவர் சொன்னார். அதற்கும் அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், சமையலறை ஜன்னலில் நின்று எனக்கு உள்ளூர நிம்மதி. பேத்திக்குப் பள்ளி வண்டி வந்துவிடும், செருப்பு மாட்டாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று வழக்கம் போல ஒண்ணு, ரெண்டு என எண்ண ஆரம்பித்தேன். அங்கேதான் நானே குழியில் விழுந்தேன்.

எண்ணுகிற வழக்கம் உங்களிடமிருந்து வந்ததுதான். "அப்பா மூணு எண்ணுவாரு, அதுக்குள்ள செஞ்சு முடிச்சிருவேன்" என்று உங்கள் மகன் சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு மூணு சொல்லப் பயம். மூணு சொல்லிவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே, என்ன செய்வது? குழந்தை மனோதத்துவத்தில் பட்டம் வாங்கியவள், அதில் இதற்குப் பதில் இல்லை. அதனால் ஒண்ணு, ரெண்டு, ரெண்டேகால், ரெண்டரை, ரெண்டேமுக்கால் என்று இழுப்பேன். உங்கள் பேத்தி ரெண்டேமுக்கால் வரை சிலை. ரெண்டேமுக்காலில் எழுந்து செருப்பை மாட்டி, நேரே கார் ஷெட்டுக்கு ஓடி, தம்பிகளுக்கு ஆளுக்கொரு கேரட் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். இந்தக் கூத்தை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் முப்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஒண்ணு என்றேன். இரண்டும் காதை நிமிர்த்தின. ரெண்டரையில் மூச்சு விடாமல் நின்றன. ரெண்டேமுக்கால் என்றதும் மாமா, கல்யாண ஊர்வலம் போல ஜோடியாகக் கிளம்பி கேட் வரை நடந்தன. பழக்குகிறவர் முதல் முறையாக வாய் விட்டுச் சிரித்து, "கால், அரைன்னு கணக்கு பாத்து நடக்குற குதிரையை இப்பத்தான் பாக்குறேம்மா" என்றார். இரண்டும் தேறியதாகக் காப்பகத்து அம்மா எழுதிவிட்டார்.

ஆனாலும் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் குதிரைகள் இங்கே தங்கும். உங்கள் மகன் போட்டாயிற்று. நான் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பகத்து அம்மா லாரியோடு வருவார்: கையெழுத்து, இல்லையென்றால் குதிரை. என்னால் முடியவில்லை மாமா. காலைத் தூக்கினால் குளம்பு எட்டுகிற உயரத்தில்தான் உங்கள் பேத்தியின் முகம். குட்டிதானே என்கிறார் உங்கள் மகன்; உதைக்கிற கால் குட்டியா? தினமும் பத்து தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். நான் வேண்டாம் என்றால் இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் கிளம்பி வந்து, உங்கள் மகன் முன்னால் நின்று மூணு வரைக்கும் எண்ணிவிடுங்கள். போதும். அவரே லாரியில் ஏற்றிவிடுவார்.

அத்தைக்கு என் வணக்கம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடவும். பேத்தி தாத்தாவுக்கு முத்தம் அனுப்புகிறாள். உங்கள் ஆசியை வேண்டும்,
மருமகள்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஷெட்டில் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் உங்கள் பேத்தி பந்தெடுக்கச் சின்னத் தம்பியின் வயிற்றுக்கடியில் புகுந்திருக்கிறாள். என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ரெண்டரை வந்த பிறகுதான் உறைத்தது: அடுத்ததைச் சொன்னால் அவன் நடந்துவிடுவான். ரெண்டரை, ரெண்டரை, ரெண்டரை என்று பதினோரு தடவை சொன்னேன் மாமா. மூக்கில் ஈ உட்கார்ந்திருந்தது, தலையைக்கூட ஆட்டவில்லை அந்தப் பிள்ளை. இவள் பந்தோடு வெளியே வந்து, "அம்மா, ரெண்டேமுக்கால் சொல்லு, தம்பிக்குக் கால் வலிக்கும்" என்றாள். சொன்னேன். உடனே நடந்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் அவசியம் வாருங்கள், வரும்போது கேரட் வாங்கி வாருங்கள். ஆனால் இங்கே யார் முன்னாலும் மூணு மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு என்ன செய்வதென்று எங்கள் அஞ்சு பேருக்கும் தெரியாது.