தவளை தாவும் கை

திரையில் தவளை இலையை விட்டு நகரவே இல்லை.

"குதியேன், சோம்பேறி!" என்று கத்தினாள் சிட்டு.

அவளுடைய இடது மணிக்கட்டில் ஒரு பட்டை, விரல்களில் அதன் வளையங்கள். பெருமூளை வாதத்தால் இறுகிய அந்தக் கையை அவள் விரித்தால்தான் தவளை தாவும். புள்ளிகள் நேராகச் சிகிச்சை மையத்துக்குப் போய்விடும். முன்னேற்றம் இல்லையென்றால் பட்டை அடுத்த குழந்தைக்கு.

"வலிக்குதுப்பா."

"விடுடா கண்ணு, போய் விளையாடு."

பேருந்து ஓட்டுநரான அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. பட்டையைத் தன் கையில் மாட்டிக்கொண்டார். தவளை ஒரே மூச்சில் குளத்தைத் தாண்டியது.

புள்ளிகளைப் பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! கை சரியாயிடுச்சுன்னு இப்பவே பிடுங்கிட்டுப் போவாங்க!"

"இரு, குறைச்சிடறேன்."

மறுநாள் வேண்டுமென்றே சொதப்பினார். தவளை தண்ணீரிலேயே குடியிருந்தது.

"ஐயோ, அவளைவிடக் கீழ போயிட்டீங்களே!"

இனி மகளைப் போலவே ஆடினால்தான் சரிப்படும். அவள் ஆடும்போது உற்றுப் பார்த்தார். அதேபோல் மணிக்கட்டை உள்ளே மடித்து, இறுக மூடிய விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு தாவலுக்கே தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவளை விரட்டியதெல்லாம் நினைவுக்கு வர, பட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"மூச்சப் பிடிக்காதீங்கப்பா," என்றாள் பின்னால் வந்து நின்ற சிட்டு. "மூச்சை விட்டாத்தான் விரல் திறக்கும்."

அன்றிலிருந்து தினமும் இருவரும் மாறி மாறி ஆடினார்கள்; அவர் எப்போதும் அவளைப் போலவே கையை மடித்து.

ஒருநாள் மையத்திலிருந்து ஃபோன். "கையைப் பத்திப் பேசணும். உடனே வாங்க."

சீருடையைக்கூட மாற்றாமல் ஓடினார் ஓட்டுநர். பிசியோ மேடம் வாயைத் திறப்பதற்குள் கும்பிட்டார். "பட்டையை மட்டும் வாங்கிடாதீங்க மேடம். அவ பாவம்."

"யாரு வாங்கப்போறா? சிட்டு மெதுவா, ஆனா நல்லாவே முன்னேறிட்டு வர்றா."

"அப்ப எதுக்கு அவசரமா..."

பக்கத்தில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் பெண், அவருடைய காக்கிச் சட்டையைக் கண்டு பதறி எழுந்தாள்.

"மணிக்கட்டு அளவை வெச்சு மெஷின் ஆளுக்கொரு கணக்கு போடும் சார், நாங்க வரச்சொன்னதே உங்க கைக்காகத்தான், நாளுக்கு நாள் இப்படி இறுகிட்டே போற கையை வெச்சுக்கிட்டு நீங்க பஸ்ஸா ஓட்டறீங்க?"