மேல்கிளைக்கு ஒரு கைப்பை

ஒரு காட்டில் ஒரு மால் இருந்தது. காட்டில் எப்படி மால் வரும் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மிருகங்கள் பேசினால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறீர்கள், மால் என்றால் மட்டும் உங்களுக்கு லாஜிக் வேண்டுமோ?

அந்த மாலுக்குப் பின்னால் ஓர் ஆலமரம். அதில் ஒரு குரங்குக் குடும்பம். எல்லாரும் ஒன்றுக்குள் ஒன்றுதான். ஆனால் யார் எந்தக் கிளையில் உட்காருவது என்பதில் மட்டும் பயங்கரக் கறார். உச்சிக்கிளை நாத்தனார் சௌபாக்கியத்துக்கு. அதற்கு அடுத்தது மாமியாருக்கு. இப்படி இறங்கி இறங்கி வந்து, தரையைத் தொடாத குறையாகத் தொங்கும் கடைசிக் கிளை மருமகள் மருக்கொழுந்துக்கு. அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு பச்சைக்குட்டி.

கீழ்க்கிளையில் காற்று வராது, நல்ல பழம் வராது. அதெல்லாம் போகட்டும். சிறுத்தை வரும். அதற்கு மரம் ஏறத் தெரியாமல் இல்லை. கைக்கெட்டிய இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கிறுக்கன் மேலே ஏறி மூச்சு வாங்குவான்? போன மழைக்காலத்தில் அந்தக் கிளையில் இருந்த சின்ன மாமனாரை அப்படித்தான் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் காலி இடம்தான் மருக்கொழுந்துக்குக் கிடைத்தது.

"மதினி, குட்டிய வச்சிக்கிட்டு பயமா இருக்கு. ஒரு கிளை மேல வரட்டுமா?" என்று அவள் கேட்காத நாள் இல்லை.

"வரலாம்தான். அதுக்குன்னு ஒரு தராதரம் வேணும்ல?" என்பாள் சௌபாக்கியம், தன் தாய்க்குப் பேன் பார்த்துக்கொண்டே.

தராதரம் என்றால் என்ன என்று மருக்கொழுந்துக்கு ஒரு விசேஷத்தில்தான் விளங்கியது. பக்கத்து மலையிலிருந்து ஒரு கரடியம்மா வந்திருந்தாள். முழங்கையில் ஒரு கைப்பை. பையில் தங்கப் பூட்டு. அவ்வளவுதான், சௌபாக்கியம் தானே கீழே இறங்கிப் போய், "வாங்க வாங்க, மேல வந்து உக்காருங்க" என்று தன் உச்சிக்கிளையைத் தூசி தட்டிக் கொடுத்தாள். கரடியம்மாவின் எடைக்குக் கிளை வளைந்து ரெண்டு பேர் விழுந்தார்கள். அவர்களும் எழுந்து பையைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கே மருக்கொழுந்து முடிவு செய்துவிட்டாள். புருஷன் பூவலிங்கத்தைக் கூப்பிட்டு, "என்னங்க, நாமளும் அந்தப் பை ஒண்ணு வாங்கணும். இல்லைன்னா நம்ம புள்ளைய சிறுத்தைக்குத்தான் கொடுக்கணும்" என்றாள்.

"ஏ புள்ள, நமக்குத்தான் கன்னத்துலயே பை இருக்கே!" என்றான் அவன். குரங்குக்குப் புத்தி அவ்வளவுதான். குரங்கு என்று இல்லை, பொதுவாகப் புருஷன்மார்களைச் சொல்கிறேன்.

மாலில் அந்தக் கடை இருந்தது. பெயர் வெளிநாட்டுப் பெயர். யார் சொன்னாலும் தப்பாகத்தான் சொல்வார்கள், உடனே கடைக்காரர் திருத்துவார். கடைக்குள்ளே ஈ காக்கா இல்லை. ஆனாலும் வாசலில் கயிறு கட்டி எல்லாரையும் வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். மருக்கொழுந்துக்கு முன்னால் ஒரு பசுமாடு சிரித்த முகமாக நின்றது. பை எதில் செய்கிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, பாவம்.

மேனேஜர் ஒரு கொக்கு. வெள்ளைக் கையுறை, ஒற்றைக்காலில் நிற்கும் பணிவு. கண்ணாடி அலமாரி முழுக்கப் பைகள்.

"அந்தப் பை ஒண்ணு குடுங்க" என்றாள் மருக்கொழுந்து.

கொக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயய்யோ மேடம், இங்க யாரும் பையைக் கேக்கக் கூடாது."

"கேக்காம எப்படிங்க வாங்குறது?"

"நாங்களா கூப்பிட்டுக் கொடுப்போம்."

"அப்ப அலமாரில இருக்கறது?"

"அது பாக்குறதுக்கு மேடம். முதல்ல நாம பழகணும். உங்க ரசனை என்னன்னு நாங்க தெரிஞ்சுக்கணும். இப்போதைக்கு ஒரு கீ செயின் பாக்கறீங்களா?"

மரத்தில் வாழ்கிற குரங்குக்கு ஏது பூட்டு, ஏது சாவி? ஆனாலும் வாங்கினாள். அடுத்த முறை போனபோது பெல்ட். அதற்கடுத்த முறை வாலில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டுத்துணி. பிறகு சோப்பு வைக்க ஒரு பீங்கான் தட்டு. அதற்கும் பிறகு குதிரைச் சேணம். "சேணமா?" என்று ஒரு நொடி யோசித்தாள். கொக்கு இமைக்காமல் பார்த்தது. வாங்கிக்கொண்டு வந்து பூவலிங்கத்தின் முதுகில் கட்டிவிட்டாள். அவனும் நல்லாத்தான் இருக்கு என்று நாலு நாள் கட்டிக்கொண்டு திரிந்தான். அதற்குள் அவன் பங்குக்கு வந்த பலாமரம் முழுதாகக் கொக்கின் கைக்குப் போயிருந்தது. குடும்பமே கீழ்க்கிளையில் உட்கார்ந்து ஆலம்பழத்தைக் கொறித்தது.

ஒவ்வொரு சாயங்காலமும் புதர் அசையும். மருக்கொழுந்து குட்டியை இறுக்கிக்கொண்டு, சாமி, எங்கள் ரசனையைக் கொக்கு சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்வாள். வேறு எதை வேண்டுவது?

ஒருநாள் ஆள் வந்தது. உடனே வரச் சொல்லி அழைப்பு. ஓட்டமாக ஓடினாள். கொக்கு அவளை ஒரு தனி அறையில் உட்காரவைத்து, குடிக்க இளநீர் கொடுத்து, கதவைச் சாத்தி, ஒரு பெட்டியைத் திறந்தது. பெட்டிக்குள் வழுவழுவென்று ஒரு துணிப்பை. துணிப்பைக்குள் தாள். தாளுக்குள் கைப்பை.

சாணிப்பச்சை நிறம். உள்ளே ஒரு நெல்லிக்காய் வைக்கலாம், ரெண்டாவது நெல்லிக்காய்க்கு இடம் இல்லை.

"வேற கலர்..." என்று இழுத்தாள்.

"மேடம், இதை வேண்டாம்னு சொன்னா மறுபடியும் கீ செயின்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள் மருக்கொழுந்து. அழகாகவும் தெரிய ஆரம்பித்தது, அதுதான் கொடுமை.

கொக்கு விதிகளைச் சொன்னது. மழை படக் கூடாது. வெயில் படக் கூடாது. தரையில் வைக்கக் கூடாது. மரப்பட்டையில் உரசக் கூடாது. முக்கியமாக நகம் படக் கூடாது. இருபது நகத்தோடு மரத்தில் வாழ்கிற ஜீவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. குட்டியை முதுகுக்கு மாற்றி, பையை ரெண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பின்னங்காலால் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

மரமே ஸ்தம்பித்துவிட்டது. பூவலிங்கம் மட்டும் அந்தத் துணிப்பையைப் பிடுங்கி, அதில் ஒரு குலை வாழைப்பழத்தைப் போட்டுத் தோளில் மாட்டிப் பார்த்து, "இதுல்ல புள்ள பையி! எம்புட்டு புடிக்குது பாரு!" என்று குதித்தான். அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

சௌபாக்கியம் உச்சியிலிருந்து இறங்கி வந்தாள். "ஏண்டி, இதைப் போயி கீழ்க்கிளையில வப்பாங்களா? பாக்குறவங்க நம்ம குடும்பத்தை என்ன நினைப்பாங்க? கொண்டா, மேல வைக்கணும்."

மருக்கொழுந்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நானும் குட்டியும் கூட வரோம் மதினி."

"கிளையில இடம் ஏது? பை இருக்கு, பையப் பாத்துக்க நான் இருக்கேன். நீ பயப்படாம இரு."

பையை வாங்கிக்கொண்டு அவள் ஏறிப் போய்விட்டாள். பைக்கு உச்சிக்கிளை கிடைத்தது. மாமியார் கீழிருந்து ஆலிலையால் அதற்கு விசிறிவிட்டாள். பலாமரமும் போய், பையும் போய், குதிரைச் சேணத்தின் மேல் உட்கார்ந்து மருக்கொழுந்து வாய்விட்டு அழுதாள். யாருக்குத்தான் வயிறு எரியாது?

பொழுது சாய்ந்தது. புதர் அசைந்தது. சிறுத்தை வந்தே விட்டது.

ஒரே தாவு. மருக்கொழுந்தின் கிளை குலுங்கியது. குட்டியை அடியில் போட்டுக் கவிழ்ந்து படுத்துக் கண்ணை மூடினாள். கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. அப்புறம் அந்த மூச்சு ஒரு மாதிரி மேல்நோக்கி இழுத்தது.

"ஏம்மா, மேல கன்னுக்குட்டி ஏதும் இருக்கா?" என்றது சிறுத்தை.

"கன்னுக்குட்டியா? இல்லீங்களே" என்றாள் நடுங்கிக்கொண்டே.

"இருக்கு, இருக்கு. இளங்கன்னு. எனக்குத் தெரியாதா அந்த வாசனை? கொஞ்சம் வழி விடு தாயி" என்று அவளைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறியது. வழியில் இருந்தவர்களெல்லாம் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள். மாமியார் விசிறியோடு குதித்தாள். சௌபாக்கியமும் குதித்திருக்கலாம். பையை விட்டுவிட்டால் போதும், அவளுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அவள் கைப்பிடியை விடவே இல்லை. சிறுத்தை பையைக் கவ்வி இழுக்க, இவள் இந்தப் பக்கம் இழுக்க, "நகம் படப்போகுது! நகம் படப்போகுது!" என்று அவள் கத்தின சத்தம் காட்டெல்லை வரைக்கும் கேட்டதாம்.

பையும் போனது, பையைப் பார்த்துக்கொண்டவளும் போனாள். காரியம் முடிந்ததும் உச்சிக்கிளையைச் சும்மா போட்டுவைக்க முடியுமா? மாமியாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ போயி உக்காரு ஆத்தா, பை வச்சிருந்தவ நீதானே" என்றாள். மருக்கொழுந்து குட்டியோடு ஏறி உட்கார்ந்தாள். காற்று அப்படி வந்தது.

துக்கம் விசாரிக்கக் கொக்கு வந்தது, கையில் வெள்ளைப்பூ. "பொருள் சேதத்துக்குக் கடை பொறுப்பில்லை மேடம். ஆனா உங்களை மாதிரி நல்ல கஸ்டமருக்கு அடுத்த பையை உடனே தரலாம். கன்னுத்தோல்தான், இன்னும் மிருதுவானது."

மருக்கொழுந்து யோசித்தாள். கீழே எட்டிப் பார்த்தாள். இரண்டாம் கிளையில் மாமியார் உட்கார்ந்து, குட்டி சரியாக வளரவில்லை, வளர்ப்பு சரியில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தே" என்று கூப்பிட்டாள் மருக்கொழுந்து, குரலில் அத்தனை பாசத்தோடு. "உங்களுக்கும் ஒரு பை வாங்கட்டுமா?"

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

நீதி: புகுந்த வீட்டாருக்குப் பரிசு வாங்கும்போது கஞ்சத்தனம் கூடாது. ரெக்சின் எல்லாம் வேண்டாம், அசல் தோலாகவே வாங்கிக் கொடுங்கள்.