ஆடியில் குடி மாறாத அரச மரம்

ஸ்ரீரங்கம்,
புரட்டாசி 6

மிகவும் மரியாதைக்குரிய சம்பந்தி திரு. சிவசங்கர் அவர்களுக்கு,

பிச்சமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ரெங்கம்மாளும் ரெங்கநாதர் புண்ணியத்தில் சௌக்கியம். டொரண்டோவில் தாங்களும் சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும் எங்கள் பெண் சுபஸ்ரீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் இரண்டு குடும்பத்திலும் சேர்த்து ஒருவர் மட்டும் சௌக்கியமாக இல்லை. அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாட்ஸப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் அடுத்த நிமிடமே தாங்கள் போன் செய்வீர்கள். கடிதம் வந்து சேர எப்படியும் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

ஆனி மாதம் விமானம் ஏறும் அன்று கே.கே. நகரிலிருந்து காரில், மடியில் வைத்தபடி அந்த அரச மரத்தைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். தொட்டியில் குட்டையாகவே வளர்த்த போன்சாய்; ஒன்றரை அடி உயரம், முப்பத்தொரு வயது. மாப்பிள்ளை பிறந்த வருஷம் வைத்தது, அவருக்குக் கூடப்பிறந்தது மாதிரி என்று சொன்னீர்கள். பெண் பார்க்க வந்த அன்றுகூட மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றி இரண்டு நிமிடமும் இந்த மரத்தைப் பற்றி முக்கால் மணி நேரமும் பேசியவர் தாங்கள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கையோடு நான்கு பக்கத்துக்கு விதிமுறைகளும் எழுதிக் கொடுத்தீர்கள். வெயிலில் வைக்க வேண்டும், மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும், ஆடி பிறந்ததும் தொட்டியிலிருந்து எடுத்து வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைக்க வேண்டும். முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக இருந்தவன் நான். அளந்து வெட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை என்று நினைத்தேன்.

ஆடி ஒன்றாம் தேதி ஸ்கேலும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்தேன். ரெங்கம்மாள் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள். "ஆடியில யாராவது குடி மாறுவாங்களா? மனுசனுக்குத்தான் வீடு, மரத்துக்குத் தொட்டிதானங்க வீடு? அதுவும் சம்பந்தி வீட்டு மரம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பொண்ணைத்தான் சொல்லுவாங்க" என்றாள். அதே தொட்டிக்குத்தானே திரும்பப் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அது வெள்ளையடிக்கிற கணக்கு, அதையும் ஆடியில் செய்ய மாட்டார்களாம். மாதம் முழுக்கக் காத்திருந்தோம். ஆடிக் காற்றில் பால்கனியிலிருந்து இரண்டு முறை விழப் பார்த்ததால் ஹாலுக்குக் கொண்டுவந்து டீப்பாயின் மேல் வைத்தோம். வேர், தொட்டியின் அடி ஓட்டை வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

ஆவணி ஆறாம் தேதி நல்ல முகூர்த்தம். விதிமுறையில் தாங்கள் கேட்ட ஆற்று மணலுக்காகக் கொள்ளிடத்துக்குப் போய் ஒரு மஞ்சள் பையில் அள்ளி ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "எத்தனை லோடு சார் அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மரத்தின் கதையை முதலிலிருந்து சொன்னேன். பாதியிலேயே கையெடுத்துக் கும்பிட்டுப் போகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தால் ரெங்கம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். புதுக்குடித்தனத்துக்குப் பால் காய்ச்ச வேண்டாமா என்கிறாள். வேரை அளந்தேன், மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன், மண்ணைப் போட்டேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஒரு டம்ளர் பாலை, சர்க்கரை போட்டு, தொட்டியில் ஊற்றிவிட்டாள். மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்து எறும்பெல்லாம் எங்கள் டீப்பாயில்தான் இருந்தது.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதமே இல்லை சம்பந்தி. ஆவணி பதினேழு அமாசோமவாரம் வந்தது. அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்தால் பெண்கள் அரச மரத்தை நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஹாலில் அரச மரம் இருப்பது மேல் வீட்டு வள்ளிக்கண்ணுவுக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குப் பதினோரு பெண்கள் ஈரத் தலையோடு வாசலில் நிற்கிறார்கள். "வெளிய ஒரே கூட்டம் சார், மூட்டு வலியோட எங்க போறது? இங்க லிஃப்டும் இருக்கு, ஃபேனும் இருக்கு" என்றார் வள்ளிக்கண்ணு. இது அலங்காரத்துக்கு வளர்க்கிற மரம்மா என்றேன். "புள்ளையார் குட்டியா இருந்தா கும்புட மாட்டீங்களா சார்?" என்று கேட்டார். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் பதினோரு பேர் நூற்றெட்டுச் சுற்று. சுற்றுக்கு ஒரு ஸ்பூன் மஞ்சள் தண்ணீர். தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விதிமுறையில் 'தண்ணீர் அளவோடு' என்று இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். அந்தத் தாளை நான் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன், என் வீட்டு ஹாலில் எனக்கு நிற்க இடமில்லை.

நான்காம் நாள் இலை பழுத்தது. ஒரு வாரத்தில் அத்தனையும் கொட்டிவிட்டது. தில்லை நகரில் செடி விற்கும் ஸ்டீபன்ராஜிடம் ஓடினேன். "பதறாதீங்கய்யா. பட்டையை நகத்தால லேசாக் கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உசிரு இருக்குன்னு அர்த்தம்" என்றார். கீறினேன், பச்சை. நிம்மதியாக இருந்தது. ஆனால் இந்த விஷயத்தை ரெங்கம்மாளிடம் சொன்னது தப்பு. அவள் கீறினாள். வள்ளிக்கண்ணு வந்து கீறினார். நலம் விசாரிக்க வந்த மற்ற பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு கீறல். இப்போது கீழ்க் கிளையில் பட்டையே இல்லை.

தாங்கள் ஞாயிறுதோறும் போட்டோ கேட்டீர்கள். ஆடியில் எடுத்த ஒரே போட்டோவைத்தான் ஒரு வாரம் இந்தப் பக்கம் வெட்டியும் ஒரு வாரம் அந்தப் பக்கம் வெட்டியும் அனுப்பிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு, "பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் ஏன் இன்னும் ஆடி 12 இருக்கிறது?" என்று கேட்டீர்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாள் கிழிக்க மறந்துவிட்டோம் என்று பொய் சொன்னேன். அறுபத்தாறு வயதில் சம்பந்தியிடம் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது.

உண்மை இதுதான். மரத்தில் ஓர் இலைகூட இல்லை. தங்கள் கோபமெல்லாம் என்மேல் இருக்கட்டும். சுபஸ்ரீக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் கொடுக்கும் காபியை எப்போதும்போல் முகம் கோணாமல் வாங்கிக் குடியுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். தயவுசெய்து உடனே ஓர் ஆளை அனுப்பி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இனி எங்களை நம்பி ஒரு துளசிச் செடியைக்கூட விட்டுப் போக வேண்டாம். சுற்றுவதும் கும்பிடுவதும் இனி என் வீட்டு வாசலுக்கு வெளியேதான் என்று ரெங்கம்மாளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளையும் சுபஸ்ரீயும் சகல சௌபாக்கியங்களோடும் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசிகள்.

தலைகுனிவுடன்,
பிச்சமுத்து

பின்குறிப்பு: புரட்டாசி 7, காலை. கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். ரெங்கம்மாள் குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு டீப்பாயைச் சுற்ற ஆரம்பித்தேன். காரணம் கேட்காதீர்கள். நாற்பத்தொன்றாவது சுற்றில் மூச்சு வாங்கிக் குனிந்தபோது, உச்சிக் கிளை நுனியில் செக்கச்செவேலென்று ஒரு துளிர், அரிசி அளவுக்கு. உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு எழுந்து மீதி அறுபத்தேழையும் சுற்றினேன். பாதியில் நிறுத்துவது சரியில்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் ரத்து செய்துவிடவும். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் மட்டுமே இதை அனுப்புகிறேன். ஆள் யாரையும் அனுப்ப வேண்டாம், முடிந்தால் தாங்களும் இன்னொரு ஆறு மாதம் அங்கேயே இருக்கவும். நான் சுற்றியது ரெங்கம்மாளுக்குத் தெரியக் கூடாது. துளிர் வந்தது பால் காய்ச்சியதால்தான் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சொல்லட்டும். இத்துடன் ஒரு போட்டோ பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பின்னால் காலண்டரில் புரட்டாசி 7. இந்த முறை எவ்வளவு வேண்டுமானாலும் உற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்.