ஆகாயச் சூலம்

கரியாலூர் மலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த ஆவணி மாதம் நிற்கக்கூட இடமில்லை. அருவி பார்க்கப் போகும் கூட்டமல்ல, சூலச்சாமியைப் பார்க்கப் போகும் கூட்டம். துபாய்க்குப் போகிறவன், சிங்கப்பூருக்குப் போகிறவன் எல்லாரும் பெட்டியோடு ஏறினார்கள். எந்தத் திசையில் சூலம், எப்போது கிளம்பலாம் என்று சாமி சொல்வார். நாள் சரியில்லையா? பெட்டியை அவர் கொட்டகையில் பரஸ்தானமாக வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பினால் ஆளும் கிளம்பின கணக்காம். பெட்டியைத் திருப்பி வாங்க ஆடாவது நெல் மூட்டையாவது காணிக்கை. ஆகாயத்தில் யாருக்கு ஆபத்து வந்ததோ தெரியாது, ஆட்டுக்கு வந்தது.

மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு இட ஒதுக்கீடு கேட்ட வருஷம் அது. மறியலில் உட்கார்ந்து சர்க்காரைக் கேட்டவர்களே இங்கே வந்து தேங்காய் உடைத்து, "கெடைக்குமா சாமி?" என்றும் கேட்டார்கள். எதற்கும் இருக்கட்டுமே!

வடக்கனந்தலில் குத்தகைக்குப் பயிர் வைக்கும் பாவாடையும் மகளின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். மகள் ஜெயசுதாவுக்குக் கனடாவில் வான்கூவர் என்ற துறைமுகப் பட்டணத்தில் மேல்படிப்பு, உதவித்தொகையோடு. வருகிற திங்களுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்கு. டிக்கெட் வாங்கப் பாஸ்போர்ட்டைத் தேடியபோதுதான், அது பெட்டியோடு மலையேறிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றாள்.

"இன்னாப்பா இப்பிடிப் பண்ணிட்ட?"

"நாள் கணக்கா ஆகாயத்துல போவப்போற. கீழ உழுந்தா புடிச்சிக்க ஒண்ணுமில்லியே கண்ணு." பாவாடை பயத்தில் செய்ததுதான்.

சாமியின் மடியில் பட்டு விரித்த பலகை. அதன்மேல் ஆணி முனையில் சுழலும் சூலம். ஐம்பொன்னாம்.

"எந்தப் பக்கமா போற பொண்ணு?"

"மேக்கங்க. லண்டன் வழியா."

சூலம் மெல்ல மேற்கே திரும்பியது. "மேக்கால சூலம்! அமாவாச கழியட்டும்."

"காலண்டர்ல இன்னிக்கி மேக்க சூலம் இல்லீங்களே?"

"அது மாட்டு வண்டிக்கி. ஏரோப்ளேனுக்கு ஆகாயச் சூலம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஐயோ, தப்பா சொல்லிட்டங்க. கெழக்க, ஜப்பான் வழியா."

சூலம் சிரமம் பார்க்காமல் கிழக்கே திரும்பியது. "கெழக்கயும் ஆவாது!"

பாவாடை விழித்தார். "ஏன் கண்ணு, ஒரே ஊருக்கு மேக்கயும் போலாம், கெழக்கயும் போலாமா?"

"பூமி உருண்டைதானப்பா. எப்பிடிப் போனாலும் போய்ச் சேரலாம். எந்தப் பக்கம்னு நானே இன்னும் முடிவு பண்ணல."

"அப்பறம் சூலம் எதப் பாத்துத் திரும்பிச்சி?"

"கேட்டுட்டா போச்சி. சாமி, பலகைய மடியில இருந்து எறக்கித் தரையில வையுங்க. மேக்க போறன்னே சொல்றன். சூலம் மேக்க திரும்பிச்சின்னா நான் போவவே மாட்டன்."

"தரை தீட்டு!" என்றார் சாமி. அதே தரையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

பாவாடை முன்னே வந்தார். "எம் பொண்ணு படிப்பையே வெச்சிட்டா. நீ பலகைய வெய்யி." சொல்லிக்கொண்டே பலகையைத் தூக்கித் தரையில் வைத்தார். சூலம் அசையவில்லை. சாமி பதறி எழுந்தார். முழங்காலில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தம் பலகைமேல் விழுந்தது. ஐம்பொன் சூலம் தாவிப்போய் அதில் ஒட்டிக்கொண்டது. அது சாதா இரும்பு.

கூட்டம் கொட்டகைக்குள் பாய்ந்து அவரவர் பெட்டியை எடுத்தது. சாமி எந்தத் திசையில் ஓடினார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"இவன் போலிப்பா. சேராப்பட்டுப் பக்கம் ஒருத்தரு இருக்காராம். அவருதான் நெஜமான சாமியாம்" என்றான் ஒருவன். நாலு பேர் வழி கேட்டார்கள்.

மகளின் பெட்டியைத் தலையில் ஏற்றிய பாவாடை நின்று திரும்பினார்.

"சூலத்த இழுத்தது காந்தம். நம்மள இம்மாந்தூரம் இழுத்துக்கினு வந்தது இன்னா? அத யோசிச்சிட்டு அப்பறமா அடுத்த பஸ் ஏறுங்க."