கோப்பையோடு நிற்கும் நாங்கள் தோற்றவர்கள்

அரியலூர்,
23.2.2006, வியாழன்.

உயர்திரு ஆசிரியர் அவர்களுக்கு,

காசிநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதைத் தினமும் காலை ஆறேகாலுக்குத் தங்கள் பத்திரிகை என் வாசலில் வந்து விழுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். இங்கே நானும் நலம். இந்த வாக்கியத்தை எழுதலாமா என்று சற்று யோசித்தேன். உடம்பு மட்டில் நலம் என்று கொள்ளவும்.

நான் சிமெண்டு ஆலையொன்றின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துச் சோதித்து ஓய்வுபெற்றவன். வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது. ஆகவே சொல்லப்போவதை முதலில் எண் போட்டுத் தந்துவிடுகிறேன். தங்களுக்கு நேரமில்லையென்றால் இதை மட்டும் படித்தால் போதும்.

1. கடந்த திங்கட்கிழமை தங்கள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் "கலப்புச் சண்டைப் போட்டி: அரியலூர் அணி சாம்பியன்" என்று வந்த செய்தி தவறு. நாங்கள் தோற்றோம்.
2. அரைகுறையாகத் தோற்கவில்லை. மூன்று பேர் இறங்கி மூன்று பேரும் தோற்றார்கள்.
3. இருந்தாலும் படத்தில் கோப்பையோடு நிற்பவர்கள் நாங்களேதான்.
4. இதில் தங்கள் நிருபர்மீது பிழை இல்லை.
5. உண்மை தெரிந்தால் சின்னம்மாள் என்ற பெண்மணி மனமுடைந்துபோவார். அவர் கணவர் சாமிதுரை இனிமேல் போட்டிக்கே போக முடியாது.
6. ஆனாலும் திருத்தம் வெளியிட வேண்டும்.

அறுபத்துமூன்று வயதில் எனக்கு இந்த அணியில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஓய்வுபெற்றபின் டாக்டர் மாலையில் நடக்கச் சொன்னார். ரெட்டிபாளையம் சாலையில் நடந்தேன். அங்கே நாய்கள் அதிகம், எனக்குப் பயமும் அதிகம். எலக்ட்ரீஷியன் ராசாங்கம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பள்ளி மைதானத்தில் கராத்தே சொல்லித்தருகிறார், அதில் சேர்ந்தால் தைரியம் வரும் என்று யாரோ சொன்னார்கள், சேர்ந்தேன். மூன்று வருடமாகியும் வெள்ளை பெல்ட்டிலேயே இருக்கிறேன். நாய்களுக்கு அந்த விவரம் எப்படியோ தெரிந்திருக்கிறது. ஆனால் நோட்டுப் புத்தகம் ஒழுங்காக எழுதுவேன் என்பதால் மாஸ்டர் ராசாங்கம் என்னைக் கராத்தே கழகத்தின் செயலாளராக்கி, தண்ணீர் பாட்டிலையும் பஞ்சு மருந்தையும் என் பொறுப்பில் விட்டார்.

இந்தக் கலப்புச் சண்டை என்பது எங்களுக்குப் புதிது. அடிக்கலாம், பிடிக்கலாம், கீழே தள்ளி அமுக்கலாம், மெத்தையில் இருமுறை தட்டுகிறவர் சரணடைந்ததாக அர்த்தம். இதைக் கற்றுத்தர மாஸ்டர் திருச்சியிலிருந்து இரண்டு சிடி வாங்கிவந்தார். முதல் சிடி நன்றாக ஓடியது. எதிராளியை எப்படித் தூக்கித் தரையில் போடுவது என்று அதில் பன்னிரண்டு வகை இருந்தது. இரண்டாவது சிடி ஓடவேயில்லை. துடைத்துப் பார்த்தோம், வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தோம், பயனில்லை. தரையில் போட்டபிறகு என்ன செய்வது என்பது அதில் இருந்திருக்க வேண்டும். "அதெல்லாம் கீழ போட்டப்பறம் தானா வந்துரும் சார்" என்றார் மாஸ்டர். எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் வெள்ளை பெல்ட்டுக்காரன் சந்தேகப்படுவது முறையல்ல என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இனி சாமிதுரை. வயது முப்பத்துநான்கு. டிராக்டரில் கரும்பு ஏற்றி எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுபோகிறவர். எங்களில் அவருக்குத்தான் பலம் அதிகம். இதற்குமுன் ஆறு கராத்தே போட்டிகளில் ஒன்றில் வென்று ஐந்தில் தோற்றவரும் அவரே. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி சின்னம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சாமிதுரை கையெழுத்துப் போட்டுவிட்டு, திடீரென்று எழுந்து நின்று, "இந்தத் தடவ தோத்தேன்னா இதோட வுட்டுடறேன். காசிநாதன் சார்தான் சாட்சி" என்றார். அம்மையார் முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். நான் அதைச் சம்மதம் என்று கொண்டு, தேதி, நேரத்துடன் நோட்டில் குறித்தேன்.

வெளியே வந்ததும், இப்படி ஏன் சொன்னீர்கள், விட்டுவிட உங்களால் முடியுமா என்று கேட்டேன். அவர் டிராக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "காட்டுல லோடு ஏத்தயில 'ஏ டிராக்டரு, பின்னாடி எடு'ம்பாங்க. மில்லு கேட்ல டோக்கன் நம்பரச் சொல்லிக் கூப்புடுவாங்க. எம்பேர மைக்ல சொல்றது போட்டியில மட்டுந்தான் சார்."

அதனால்தான் இந்தத் தோல்வி எனக்குச் சாதாரணத் தோல்வியாகப் படவில்லை.

போட்டி ஞாயிறன்று பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடைக்கு முன்னால் மெத்தை விரித்து நான்கு பக்கமும் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். மேடையின் பின்சுவரில் முந்தைய வாரத்து மணமக்கள் பெயர் தெர்மாகோல் எழுத்தில் அப்படியே இருந்தது. தங்கள் படத்தில் என் தலைக்குமேல் "செல்வி" என்று தெரிவது அதுதான்.

முதலில் தமிழழகன் இறங்கினான். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, ஒழுக்கமானவன். கராத்தேயில் ஒரு அடி பட்டதும் நடுவர் நிறுத்திப் புள்ளி கொடுப்பார். அந்தப் பழக்கத்தில் இவன் எதிராளியின் நெஞ்சில் அழகாக ஒரு உதை வைத்துவிட்டு, கையை மடக்கி நின்று, நடுவரைப் பார்த்தான். எதிராளி நடுவரைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தான். நாற்பது நொடியில் முடிந்தது. பஞ்சு மருந்து கொஞ்சம் செலவாயிற்று.

அடுத்து அஸ்லாம். லப்பைக்குடிகாட்டுப் பையன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். சிடியில் உள்ள ஏழாவது வகையில் எதிராளியை அலாக்காகத் தூக்கி மெத்தையில் போட்டு, மேலே ஏறியும் உட்கார்ந்துவிட்டான். மண்டபமே கைதட்டியது. அப்படியே உட்கார்ந்தபடி எங்கள் பக்கம் திரும்பி, "மாஸ்டர், போட்டாச்சு. அடுத்து என்ன?" என்றான். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். நோட்டில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. கீழே கிடந்தவரிடம் இரண்டாவது சிடி இருந்திருக்கும் போலிருக்கிறது. சட்டென்று புரண்டு அஸ்லாமின் கையை ஒரு முறுக்கு முறுக்கினார். "அல்லாவே, வுடுங்கண்ணே, வுடுங்கண்ணே" என்று பையன் முறையாகத் தட்டிவிட்டு எழுந்து வந்தான்.

கடைசியாகச் சாமிதுரை. ஐயா, இவர் வென்றிருக்க வேண்டியவர். எதிராளியைத் தரையில் போட்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையைக் கொடுத்து இறுக்கி, ஆள் அசையவே முடியாதபடி அமுக்கிவிட்டார். சிடியில் இல்லாத ஒன்று. கரும்புக் கட்டைச் சங்கிலி போட்டு இறுக்கிப் பழகிய கை. அந்த ஆளின் முகம் சிவந்து, தட்டுவதற்காகக் கையைத் தூக்குகிறார், நானே பார்த்தேன். அந்த நேரத்தில் சாமிதுரை, ஏற்றிய லோடு சரியாக உட்கார்ந்துவிட்டால் டிரெயிலரின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி "போலாம்" என்று சொல்கிறவர் அல்லவா, அந்தத் திருப்தியில் மெத்தையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, எதிராளியின் கையைத் தூக்கினார். கீழே கிடந்தவருக்கே அது புரியவில்லை. "நானாங்க?" என்று நடுவரிடம் கேட்டார்.

விதிகளை எல்லோருக்கும் படித்துக்காட்டும் பொறுப்பு என்னுடையது. படித்த அன்று சாமிதுரை ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்தார். மறுநாளாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சாமிதுரை சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தன் வலது கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன். "சார், நோட்டுல எழுதிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தேன்.

இனிக் கோப்பை வந்த கதை. பரிசளிக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. இரண்டு கடைத் திறப்பையும் ஒரு துக்கத்தையும் முடித்துக்கொண்டு அவர் வந்தபோது மணி ஆறு ஆகியிருந்தது. வென்ற அணியினர் நாகப்பட்டினத்துக்காரர்கள். அவர்கள் வந்த வேனின் டிரைவருக்கு வேறொரு சவாரி இருந்ததால், கோப்பைகளைப் பார்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார்கள். மற்ற அணிகளும் கலைந்துவிட்டன. நாங்கள் மட்டும், அஸ்லாமின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்ததால், இருந்தோம். அமைப்பாளர் ஓடிவந்தார். "சார், கொஞ்சம் மேடைக்கு வாங்க. சும்மா வாங்கிக்கிட்டு போட்டோவுக்கு நின்னுட்டுக் குடுத்துருங்க. வந்த மனுசன் யாருக்குமே குடுக்காம போனா நல்லாவா இருக்கும்?" என்றார். எனக்கு மறுக்கத் தெரியாது. வயதுக்கு மரியாதை என்று பெரிய கோப்பையை என் கையில் கொடுத்துச் சால்வையும் போர்த்தினார்கள். விருந்தினர் என் தோளைத் தொட்டுப் பார்த்து, "இந்த வயசுலயும் கட்டுக்கோப்பா இருக்கீங்க" என்றார். தங்கள் நிருபர் கண்ணால் கண்டதை எழுதினார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். கோப்பைகளை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அன்று கையில் தங்கியது சால்வை மட்டும்.

மறுநாள் பத்திரிகை வந்தது. நான்கு வருடமாக என் கேட்டை அடைத்து மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற எதிர்வீட்டுக்காரர், நான் கேட்காமலேயே வண்டியை எடுத்துவிட்டார். வங்கியில் வரிசை விலகி வழிவிட்டது. ஒரு பெண்மணி தன் பேரனுக்கு என்னைக் காட்டி ஏதோ சொன்னார், அந்தக் குழந்தை அழுதது. இவையெல்லாம் எனக்கு உரியவை அல்ல. உரியவையல்லாதவற்றை வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

சாட்சி என்ற முறையில், உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்று மாலை சாமிதுரை வீட்டுக்குப் போனேன். சின்னம்மாள் பத்திரிகைப் படத்தைக் கத்தரித்துப் பீரோவில் ஒட்டியிருந்தார். தெருவில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாயிற்றாம். எனக்கும் ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் தொண்டையைச் செருமினேன். அவருக்குப் பின்னால் சாமிதுரை நின்று இரண்டு கையையும் குவித்து என்னைக் கும்பிட்டார். வாயில் கேசரியைப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐயா, நேருக்கு நேர் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால்தான் அச்சில் சொல்லித் தாங்கள் உதவ வேண்டும் என்று கேட்கிறேன். அந்த அம்மையார் மனம் நோகும், சாமிதுரையின் பேரை இனி மைக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். மூன்று இரவு யோசித்தேன். ஆனாலும் வென்றவர்கள் என்று நாகப்பட்டினத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் யாராவது கேசரி கிண்டக் காத்திருப்பார்கள் அல்லவா? ஐந்தாம் பக்கத்தின் அடியில் நான்கு வரி போதும்.

தங்களுக்கும், காலையில் பத்திரிகை போடும் தம்பிக்கும், பிழையின்றி அச்சுக்கோக்கும் அனைவருக்கும் என் வணக்கங்கள். தங்கள் இல்லத்தார் எல்லா நலமும் பெற வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் பணிவுள்ள வாசகன்,
காசிநாதன்
(வெள்ளை பெல்ட்)

பின்குறிப்பு: கடிதத்தில் பெயர் வருகிறவர்களிடம் காட்டாமல் தபாலில் சேர்ப்பது முறையல்ல என்று இன்று காலை சாமிதுரை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் லோடு கொண்டுபோயிருந்தார். சின்னம்மாள் என் கையிலிருந்த தாளைப் பார்த்து, என்னவென்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. படிக்கச் சொன்னார். எண் ஒன்றிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை முழுவதும் படித்தேன். மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டிய இடத்தில் அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நிறுத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தோத்துட்டாரா? இத முன்னாடியே சொல்றதுக்கென்னங்க சார்? செயிச்சாருன்னு பேப்பர்ல பாத்ததுலேருந்து இனி ஒரு மாசம் எப்புடிக் கழியப்போவுதோன்னு இருந்துச்சி. அந்த ஒருக்கா செயங்கொண்டத்துல செயிச்சிட்டு வந்து ஒரு மாசம் வூட்ல இருக்க வுட்டாரா? விருந்துக்கு வந்த எந்தம்பியக் கழுத்தப் புடிச்சிச் செஞ்சி காட்டுனாரு, அவன் சோத்துக் கையோட கெடக்கான். தோத்துட்டு வந்தா மனுசன் சத்தமில்லாம மாட்டுக்குத் தண்ணி காட்டுவாரு" என்றார்.

அப்படியானால் தோற்றால் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை என்ன ஆவது என்று நோட்டைக் காட்டிக் கேட்டேன்.

"அது அவராச் சொன்னது. நான் வாயத் தொறந்தனா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் உங்ககூட உருளலேன்னா அவரு எங்க போயி நிப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. பேப்பர்ல மட்டும் போடச் சொல்லாதீங்க சார். ஊருக்கு செயிச்சவராவே இருந்துட்டுப் போவட்டும். வூட்டுக்குத் தோத்தவரா வந்தாப் போதும்."

ஆகவே திருத்தம் எதுவும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாகப்பட்டினத்தாருக்கு மன்னிப்புக் கேட்டுத் தனியே எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, உண்மை பொறுப்பான ஒருவரிடமாவது இருக்கட்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அதனால்தான் இதை அனுப்புகிறேன். முதல் நான்கும் அப்படியே சரி. ஆறாவது இனித் தேவையில்லை. எண் ஐந்தில் நான் எழுதியிருப்பது முழுத் தவறு.